சோலார் பேனலை கன்ட்ரோலரில் மாட்டும் முன் எனக்கு யாரும் போட்டுக் காட்டாத கணக்கு

மின்கம்பி எட்டாத இடத்தில் வசிக்கிறவர்களுக்கு சோலார் என்பது கரண்ட் பில்லைக் குறைக்கிற வழி இல்லை. விளக்கு, தண்ணீர் மோட்டார், ஃப்ரிட்ஜ் எல்லாமே அதை நம்பித்தான் ஓடுகின்றன. எங்கள் வீடும் அப்படித்தான். பேனல், பேட்டரி, இரண்டுக்கும் நடுவே நின்று சார்ஜைக் கட்டுப்படுத்துகிற கன்ட்ரோலர் எல்லாம் நல்ல தரமாகத்தான் வாங்கினேன். பொருத்தித் தந்தவரும் வெகுநாள் அனுபவம் உள்ளவர் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அப்படியும் ஒரு சார்ஜ் கன்ட்ரோலர் எரிந்துபோனது, ஒரு ஜோடி பேட்டரி ஆயுளில் பாதிகூட ஓடாமல் பழைய விலைக்குப் போனது. இரண்டுக்கும் ஆன செலவைக் கூட்டினால், ஆரம்பத்தில் மொத்த அமைப்புக்கும் கொடுத்ததில் பாதிக்கு மேல் வருகிறது. வாங்கிய பொருளில் எந்தக் கோளாறும் இல்லை, இணைத்த விதத்தில்தான் எல்லாம் இருந்தது. அதைக் கையேடுகளையும் மீட்டரையும் வைத்துக்கொண்டு நானே ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. புதிதாகப் போடப் போகிறவர்கள் அதே வழியில் போய்ப் பணத்தை இழக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என்ன போட்டிருந்தோம் என்று சொல்லிவிடுகிறேன். 450 வாட் பேனல் மூன்று. 12 வோல்ட் ட்யூபுலர் (லெட் ஆசிட் வகை) பேட்டரி இரண்டு, சீரிஸில், அதாவது ஒன்றின் பிளஸை அடுத்ததன் மைனஸில் கோத்து, 24 வோல்ட்டாக. நடுவில் 150 வோல்ட், 60 ஆம்ப் எம்பிபிடி கன்ட்ரோலர் ஒன்று, அதாவது பேனலின் அதிக வோல்டேஜை பேட்டரிக்கு ஏற்றபடி இறக்கி, பதிலுக்கு ஆம்ப்பைக் கூட்டித் தரும் வகை. பொருத்தியவர் மூன்று பேனலையும் சீரிஸில் கோத்தார். ஒரே ஜோடி ஒயர் கீழே இறங்கினால் போதும், கேபிள் செலவு குறையும் என்றார். பேனலின் பின்பக்கம் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் விஓசி, அதாவது எதையும் இணைக்காமல் திறந்து வைத்திருக்கும்போது வரும் வோல்டேஜ், 49.6 என்று இருந்தது. மூன்றுக்கும் சேர்த்து 148.8. கன்ட்ரோலரில் 150 என்று போட்டிருக்கிறதே, இவ்வளவு ஒட்டி வைக்கலாமா என்று கேட்டேன். "150க்குள்ளதானே சார் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

கோடை முழுக்க எந்தப் பிரச்சினையும் இல்லை. மழைக்காலமும் சமாளித்தோம். பனிக்காலம் தொடங்கி, மேகமே இல்லாமல் பளிச்சென்று விடிந்த ஒரு காலையில் கன்ட்ரோலரின் திரை அணைந்து கிடந்தது. பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டிப் பார்த்தேன், உயிர் வரவில்லை. மூடியருகே மூக்கை வைத்தால் கருகிய வாசனை. அன்று இரவு பேட்டரியில் மிச்சம் இருந்ததை வைத்து ஓட்டினோம், மறுநாள் அதுவும் தீர்ந்தது. அம்மாவுக்கு மூச்சிரைப்பு உண்டு. குளிர் வந்தால் நெபுலைசர் இல்லாமல் இரவு கழியாது. மாற்று கன்ட்ரோலர் வந்து சேரும்வரை ஒவ்வொரு மாலையும் எனக்கு பயமாகத்தான் இருந்தது. வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டரின் சத்தத்துக்கு நடுவே, வேலை செய்துவிட்டுப் போனவர் மேல் வந்த கோபத்தை இப்போதும் மறைக்க விரும்பவில்லை. போன் செய்தால், கம்பெனிக் கோளாறு, வாரண்டியில் கேளுங்கள் என்றார்.

வாரண்டியில் கொடுத்தேன். பிரித்துப் பார்த்து, அதன் நினைவகத்தில் பதிவாகியிருந்ததைப் படித்துவிட்டு, பேனல் பக்கம் 153 வோல்ட் வரை போயிருக்கிறது, வாரண்டி கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னதில் தவறு இல்லை. அன்றுதான் கையேட்டின் பின்பக்கங்களை வரி வரியாகப் படிக்க உட்கார்ந்தேன்.

ஸ்டிக்கரில் இருக்கும் விஓசி, பேனல் செல்லின் வெப்பம் 25 டிகிரி, வெளிச்சம் சதுர மீட்டருக்கு 1000 வாட் என்ற சோதனைக்கூட நிலையில் அளந்தது. செல் குளிர்ந்தால் வோல்டேஜ் ஏறும், சூடானால் இறங்கும். எவ்வளவு என்பதும் பேனலின் தகவல் தாளில் இருக்கும். பொதுவாக ஒரு டிகிரிக்கு 0.25 முதல் 0.35 சதவீதம். என் பேனலுக்கு 0.28. எங்கள் பக்கம் பனிக்காலத்தில் 3 டிகிரி வரை இறங்கும். 25க்கும் 3க்கும் இடைவெளி 22 டிகிரி. 22ஐ 0.28ஆல் பெருக்கினால் 6.16 சதவீதம். 148.8 வோல்ட்டில் அதைச் சேர்த்தால் 158 வோல்ட். கன்ட்ரோலர் தாங்குவதோ 150. இந்த ஒரு பெருக்கலைப் போட்டிருந்தால் மூன்று பேனலைச் சீரிஸில் கோக்கவே முடியாது என்று முதல் நாளே தெரிந்திருக்கும். பேனலுக்குப் பேனல் விஓசியில் சிறு வித்தியாசமும் இருக்கும், 3 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம் என்று பல தகவல் தாள்களிலேயே போட்டிருக்கிறார்கள். அதனால் குளிர் கணக்கைப் போட்ட பிறகும் இன்னும் கொஞ்சம் இடம் விட்டு வைப்பதுதான் சரி.

காலையில் வெயில் குறைவுதானே, வோல்டேஜும் குறைவாகத்தானே இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். வெளிச்சம் குறைந்தால் ஆம்ப்தான் அதே அளவுக்குக் குறையும். வோல்டேஜ் அப்படி இல்லை. முழு வெயிலில் ஐந்தில் ஒரு பங்கு விழுந்தாலே விஓசி 90 சதவீதத்தைத் தாண்டிவிடும். சூரியன் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும், ராத்திரிக் குளிரில் நனைந்த பேனல் இன்னும் சூடாகியிருக்காது, காற்றும் அடிக்கும். அந்த நேரம்தான் மிக ஆபத்தானது. கன்ட்ரோலர் விழித்துக்கொண்டு மின்சாரம் இழுக்கத் தொடங்கும் வரை பேனல் திறந்த நிலையில் இருப்பதால் முழு விஓசியும் அப்படியே உள்ளே வந்து நிற்கும். வோல்டேஜ் வரம்பைத் தாண்டிவிட்டால் சில கன்ட்ரோலர்கள் இழுக்கவே மறுத்துவிடும். அப்போது வோல்டேஜ் குறைய வழியே இல்லாமல் போகிறது.

இங்கே ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். கன்ட்ரோலரின் மேல் இரண்டு எண்கள் இருக்கும். 150 வோல்ட் என்பது பேனல் பக்கத்து உச்ச வரம்பு. அதை ஒரு விநாடி தாண்டினாலும் உள்ளே இருக்கும் மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்ச் போய்விடலாம். 60 ஆம்ப் என்பது பேட்டரிக்குப் போகும் ஆம்ப். பேனல் வாட் கொஞ்சம் அதிகமாக இருந்தால் பெரும்பாலான எம்பிபிடி கன்ட்ரோலர்கள் 60க்கு மேல் எடுக்காமல் நிறுத்திக்கொள்ளும், கெடாது. பேனல் பக்கம் எவ்வளவு ஷார்ட் சர்க்யூட் ஆம்ப் வரை தாங்கும் என்று கையேட்டில் தனியாக ஒரு எண் இருக்கும், அதை மட்டும் மீறக் கூடாது. ஆக, ஆம்ப் பக்கம் கொஞ்சம் தாராளம் உண்டு, வோல்டேஜ் பக்கம் கொஞ்சமும் கிடையாது. கடையில் விற்கிறவர்கள் வாட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். வோல்டேஜைப் பற்றி நாம்தான் கேட்க வேண்டும்.

சரி, மூன்றையும் சீரிஸில் போட முடியாது என்றால் பேரலலில், அதாவது பிளஸ்களை ஒன்றாகவும் மைனஸ்களை ஒன்றாகவும் சேர்த்துப் போடலாமே என்று அடுத்து யோசித்தேன். போடலாம். ஆனால் பேரலலில் வோல்டேஜ், மின்சாரம் இழுக்கும்போது ஒரு பேனல் தரும் 41 ஆகவே நின்றுவிடும், ஆம்ப் மூன்று மடங்காகும். மாடியில் இருந்து கன்ட்ரோலருக்கு எங்கள் வீட்டில் 15 மீட்டர். ஏற்கெனவே இறக்கியிருந்தது 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு ஒயர். போகவர 30 மீட்டர் செம்புக்கு சுமார் 0.13 ஓம். சீரிஸில் 11 ஆம்ப் போனபோது ஒன்றரை வோல்ட்டுக்கும் குறைவாகத்தான் இழப்பு, 123 வோல்ட்டில் அது பெரிய விஷயமே இல்லை. பேரலலில் 33 ஆம்ப் போனால் 4 வோல்ட்டுக்கு மேல் ஒயரிலேயே போய்விடும், அதாவது பத்தில் ஒரு பங்கு. நடுப்பகல் வெயிலில் செல் 60, 65 டிகிரிக்குச் சூடாகும்போது பேனல் வோல்டேஜே 35, 36க்கு வந்துவிடும். அதில் 4 போனால் மிச்சம் 31, 32. பேட்டரிக்கு 28.8 வேண்டும். எம்பிபிடிக்கு பேட்டரியைவிடப் பேனல் சில வோல்ட் மேலே இருந்தால்தான் வேலை செய்ய முடியும். சில கன்ட்ரோலர்கள் காலையில் தொடங்குவதற்கே பேட்டரியைவிட 5 வோல்ட் கூடுதலாகக் கேட்கும். ஓடும், ஆனால் விளிம்பில்தான் ஓடும்.

இன்னொன்று, மூன்று அல்லது அதற்கு மேல் வரிசைகளைப் பேரலலில் சேர்த்தால் ஒவ்வொரு வரிசைக்கும் தனி ஃப்யூஸ் வேண்டும். ஒரு பேனலில் ஷார்ட் ஆனால் மற்ற இரண்டும் தங்கள் ஆம்ப்பை அதற்குள் தள்ளும். என் பேனலின் ஷார்ட் சர்க்யூட் ஆம்ப் 11.6, இரண்டு சேர்ந்தால் 23 ஆம்ப். பேனல் ஸ்டிக்கரில் அதிகபட்ச ஃப்யூஸ் 20 என்று இருக்கிறது. அந்த எண்ணைத் தாண்டினால் பேனலே பற்றிக்கொள்ள வாய்ப்பு உண்டு. இரண்டே வரிசை என்றால் மற்றது ஒன்றுதான், 11.6 ஆம்ப்தான் திரும்பி வர முடியும், அதனால் ஃப்யூஸ் இல்லாமலும் பரவாயில்லை.

எல்லாவற்றையும் தாளில் போட்டுப் பார்த்த பிறகு நான்காவதாக ஒரு பேனல் வாங்கினேன், அதே மாடல். இரண்டு இரண்டாகச் சீரிஸில் கோத்து, அந்த இரண்டு வரிசைகளையும் பேரலல் செய்தேன். சாதாரண நாளில் 99 வோல்ட், 3 டிகிரிக் குளிரில் 105. கன்ட்ரோலர் வரம்பு 150, மனதுக்கு நிம்மதி. கூடுதல் பேனல் வாங்கிய பணம் வீண் என்று நான் நினைக்கவில்லை, மேகமூட்டமான நாட்களில் அது தரும் ஆம்ப் எங்களுக்கு உண்மையிலேயே தேவைப்படுகிறது. மாடல் மாற்றி வாங்குவதாக இருந்தால் சீரிஸில் ஆம்ப் ஒத்துப்போக வேண்டும், பேரலலில் வோல்ட் ஒத்துப்போக வேண்டும். சீரிஸில் ஒரு பேனலின் ஆம்ப் குறைவாக இருந்தால் வரிசை முழுவதும் அந்த ஆம்ப்புக்கே இழுபட்டுப் போகும்.

எம்பிபிடிக்கு பதில் விலை குறைந்த பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் போடச் சொல்லி அப்போது ஒருவர் ஆலோசனை தந்தார். இந்த மாதிரி பெரிய பேனலுக்கு அது கூடவே கூடாது. பிடபிள்யூஎம் பேனலை நேரடியாக பேட்டரியின் வோல்டேஜுக்கு இறக்கிவிடும். 41 வோல்ட்டில் 11 ஆம்ப் தரும் பேனல், 24 வோல்ட் பேட்டரியில் 27 வோல்ட்டில் அதே 11 ஆம்ப்தான் தரும். 450 வாட்டில் 300 வாட்தான் கைக்கு வரும். 12 வோல்ட் பேட்டரி என்றால் 150 வாட்கூடத் தேறாது. 36 செல் உள்ள பழைய மாதிரி சிறு பேனல், 12 வோல்ட் பேட்டரி, ஒன்றிரண்டு விளக்கு. பிடபிள்யூஎம்முக்கு ஏற்ற இடம் அது.

புதிய கன்ட்ரோலரைப் பொருத்த வேறொருவர் வந்தார். வந்ததும் பேனல் ஒயரைக் கன்ட்ரோலரில் சொருகப் போனார். நான் நிறுத்தி, முதலில் பேட்டரியை மாட்டுங்கள் என்றேன். எது முதலில் என்ன, கடைசியில் இரண்டும்தானே மாட்டப் போகிறோம் என்றார். கையேட்டைத் திறந்து காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டார். பல கன்ட்ரோலர்கள் பேட்டரியில் இருந்துதான் தன் மூளைக்கு மின்சாரம் எடுக்கின்றன. இது 12 வோல்ட் அமைப்பா, 24ஆ, 48ஆ என்பதையும் பேட்டரியைப் பார்த்துத்தான் முடிவு செய்கின்றன. பேட்டரி இல்லாமல் பேனலை மாட்டினால் அது தவறான வோல்டேஜைக் கணித்துக்கொள்ளலாம், உள்ளே வரும் சக்தி போவதற்கு இடமில்லாமல் பாகங்கள் போகலாம். அதனால் மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல், பிறகு பேட்டரி. பேட்டரி மாற்ற வருகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை, பேனல் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி ஒயரைப் பிடுங்குகிறார்கள். கன்ட்ரோலருக்குப் பக்கத்துச் சுவரிலேயே இந்த வரிசையை எழுதி ஒட்டிவிட்டேன்.

பேனல் ஒயர் உள்ளே போவதற்கு முன் மீட்டர் வைத்துப் பார்ப்பதும் அதே அளவுக்கு முக்கியம். சிவப்பு ஒயர் பிளஸ் என்று நம்பி மாட்டக் கூடாது. நீட்டிப்பு ஒயர் போடும்போது, பேனல் ஒயர்களைச் சேர்க்கும் எம்சி4 கனெக்டரை மாற்றிக் கோத்திருந்தால் நிறம் பொய் சொல்லும். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து பிளஸ் மைனஸ் சரியா, வோல்டேஜ் கணக்குப் போட்டபடி வருகிறதா என்று பாருங்கள். இரண்டு பேனல் வரிசையில் 99க்குப் பதில் 50 வந்தால் ஏதோ ஒன்று சேரவில்லை. மீட்டர் 600 வோல்ட்டாவது தாங்குவதாக இருக்கட்டும்.

பேனலும் பேட்டரியும் தரும் டிசி மின்சாரம் பற்றி இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் பணம் இல்லை, உயிர் சம்பந்தப்பட்டது. வீட்டு ஏசி மின்சாரம் விநாடிக்கு நூறு தடவைக்குக் குறையாமல் பூஜ்ஜியத்தைத் தொடும், அதனால் சுவிட்சைப் பிரிக்கும்போது வரும் பொறி தானே அணையும். டிசி பூஜ்ஜியத்துக்கு வராது. 100 வோல்ட் டிசியில் 10 ஆம்ப் ஓடும்போது கனெக்டரைப் பிடுங்கினால் பொறி இழுபட்டு நின்று எரியும். வெயிலில் எம்சி4 கனெக்டரை ஓட்டத்தில் பிரிக்கவே கூடாது. முதலில் வந்தவர் எங்கள் பேனல் லைனில் சாதாரண ஏசி பிரேக்கரைத்தான் போட்டிருந்தார். அது டிரிப் ஆகியிருந்தால் பெட்டிக்குள்ளேயே நெருப்பு வந்திருக்கலாம். டிசி என்று குறிப்பிட்ட பிரேக்கர்தான் வேண்டும், அதன் வோல்டேஜ் எண்ணும் குளிர் கணக்கில் வரும் வோல்டேஜுக்கு மேல் இருக்க வேண்டும். சில டிசி பிரேக்கர்களில் பிளஸ் மைனஸ் குறி இருக்கும். அவற்றைத் தலைகீழாக மாட்டினால் பொறியை அணைக்கும் வேலையே நடக்காது. எம்சி4 கனெக்டரிலும் ஒரு கம்பெனி ஆணையும் இன்னொரு கம்பெனி பெண்ணையும் சேர்க்காதீர்கள். சொருகினால் பொருந்துவதுபோல் இருக்கும், உள்ளே தொடர்பு சரியாக அமையாமல் சூடாகி உருகிவிடும்.

இவ்வளவும் செய்து முடித்த பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நம்பினேன். ஆனால் பேட்டரி இரவு தாக்குப்பிடிக்கும் நேரம் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தது. கன்ட்ரோலர் திரையில் தினமும் மதியம் 28.8 வோல்ட் காட்டும், பிறகு ஃப்ளோட், அதாவது நிறைந்த பேட்டரியை அப்படியே தக்கவைக்கும் குறைந்த வோல்டேஜ் நிலை, என்று மாறும். பார்த்தால் முழு சார்ஜ். ஹைட்ரோமீட்டர் வாங்கி அமிலத்தின் அடர்த்தியைப் பார்த்தேன். 1.24 காட்ட வேண்டியது 1.19 பக்கம் நின்றது. பல வாரம் இதன் காரணம் எனக்குப் புரியவில்லை. பேட்டரியே மோசம் என்று விற்றவரிடம் சண்டை போடும் அளவுக்குப் போனேன். பிறகு ஒரு நாள் மதியம், சார்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது கன்ட்ரோலர் டெர்மினலில் மீட்டர் வைத்தேன், 28.8. அப்படியே நகர்ந்து பேட்டரி முனையில் வைத்தேன், 27.7.

ஒரு வோல்ட்டுக்கு மேல் நடுவிலேயே காணாமல் போயிருந்தது. முதலில் வந்தவர் கன்ட்ரோலரை வரவேற்பறைச் சுவரில், பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று மாட்டிவிட்டு, பின்பக்க அறையில் இருந்த பேட்டரிக்கு 4 மீட்டருக்கு 6 ஸ்கொயர் ஒயர் இழுத்திருந்தார். போகவர 8 மீட்டர், 0.023 ஓம். 45 ஆம்ப் போகும்போது சுமார் 1.04 வோல்ட் இழப்பு. பேனல் பக்கம் ஒரு வோல்ட் போனால் அது வெறும் மின்சார இழப்பு. பேட்டரி பக்கம் போனால் கன்ட்ரோலர் ஏமாந்துபோகிறது. பேட்டரி நிறைந்துவிட்டது என்று நினைத்து ஆம்ப்பைக் குறைக்க ஆரம்பிக்கும். ஆம்ப் குறையக் குறைய இழப்பும் குறைந்து, கடைசியில் இரண்டு முனையிலும் வோல்டேஜ் ஒன்றாகும் என்பது உண்மைதான், ஆனால் அதற்குள் கன்ட்ரோலரில் குறித்த நேரம் முடிந்து ஃப்ளோட்டுக்குப் போய்விடும், இல்லையென்றால் வெயில் போய்விடும். இப்படி தினமும் அரைகுறையாக நிறைந்த லெட் ஆசிட் பேட்டரியின் தகட்டில் சல்ஃபேட் கெட்டிப்பட்டுக்கொண்டே போகும். ஓர் அளவுக்கு மேல் போனால் என்ன செய்தாலும் திரும்பாது. என் பேட்டரிகள் அந்த அளவைத் தாண்டிவிட்டன. இரண்டையும் எடைக்குப் போட்ட அன்று மனசு ரொம்பவே கனத்துப்போனது.

இப்போது கன்ட்ரோலர் பேட்டரியை ஒட்டியே இருக்கிறது. ஒன்றரை மீட்டர், 25 ஸ்கொயர் ஒயர். அதே 45 ஆம்ப்புக்கு இழப்பு 0.1 வோல்ட்கூட இல்லை. யாராவது என்னிடம் ஒரே ஒரு ஆலோசனை கேட்டால், கன்ட்ரோலரை பேட்டரிக்குப் பக்கத்தில் வையுங்கள், நீளம் தேவைப்பட்டால் பேனல் பக்கம் நீட்டுங்கள் என்றுதான் சொல்வேன். லெட் ஆசிட் பேட்டரியில் இருந்து வாயு வரும் என்பதால் நேர் மேலே மட்டும் மாட்ட வேண்டாம், பக்கத்துச் சுவர் போதும். பேட்டரியின் பிளஸ் முனையில் இருந்து எட்டும் தூரத்திலேயே ஒரு டிசி ஃப்யூஸ் கட்டாயம். எனக்கு 80 ஆம்ப். ஒயர் எங்காவது தோல் உரிந்து ஷார்ட் ஆனால் பேட்டரி ஆயிரக்கணக்கான ஆம்ப்பைக் கொட்டும், அதைத் தடுக்க வேறு எதுவும் இல்லை.

புதிதாக லித்தியம் பேட்டரி வாங்கினேன், எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை, எட்டு செல், 25.6 வோல்ட். கொண்டுவந்தவர் மாட்டிவிட்டு, எரிகிறது பாருங்கள் என்று காட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார். கன்ட்ரோலர் இன்னும் லெட் ஆசிட் அமைப்பிலேயே இருந்தது. சில வாரம் கழித்து ஒரு நல்ல வெயில் நாளில் அது தானாகவே ஈக்வலைஸ் என்ற கூடுதல் வோல்டேஜுக்குப் போக, 29 வோல்ட்டைத் தாண்டியதும் பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் என்ற பாதுகாப்பு சர்க்யூட் சார்ஜை வெட்டிவிட்டது. பேட்டரி விலகியதும் கன்ட்ரோலரின் வோல்டேஜ் சட்டென்று எகிற, இன்வெர்ட்டர் ஓவர் வோல்டேஜ் என்று அணைந்தது. நல்லவேளை, எதுவும் எரியவில்லை. உடனே அமைப்பை மாற்றினேன். முழு சார்ஜ் 28.4, ஃப்ளோட் 27, ஈக்வலைஸ் கிடையாது, வெப்பநிலைத் திருத்தம் கிடையாது. லெட் ஆசிட்டுக்குக் குளிரில் வோல்டேஜைக் கூட்ட வேண்டும், சூட்டில் குறைக்க வேண்டும், அதற்குத்தான் அந்தத் திருத்தம். லித்தியத்துக்கு அது தேவையில்லை. பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே போகும் இடம் என்றால் லித்தியத்தை அந்தக் குளிரில் சார்ஜே செய்யக் கூடாது, பிஎம்எஸ்ஸில் அதற்கான தடுப்பு இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

கன்ட்ரோலரில் லோடு என்று ஒரு ஜோடி டெர்மினல் இருந்தால் அதில் இன்வெர்ட்டரை மாட்ட வேண்டாம். சிறு விளக்குகளுக்கான 10, 20 ஆம்ப் வழி அது. இன்வெர்ட்டர் ஆன் ஆகும் கணத்தில் இழுக்கும் ஆம்ப்பை அது தாங்காது. இன்வெர்ட்டர் நேராக பேட்டரிக்கு, தன் சொந்த ஃப்யூஸோடு போக வேண்டும். சிறிய பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் வைத்திருப்பவர்கள் எர்த் போடும்போது கையேட்டைப் பாருங்கள். பலவற்றில் பிளஸ் உள்ளே பொதுவாகச் சேர்ந்திருக்கும், மைனஸ் பக்கம்தான் வெட்டிச் சேர்க்கும். பேனல் மைனஸையும் பேட்டரி மைனஸையும் இரண்டையும் எர்த்தில் கட்டினால் கன்ட்ரோலரைத் தாண்டிப் பேனல் நேராக பேட்டரியை நிரப்ப ஆரம்பித்துவிடும், நிறுத்த ஆள் இருக்காது. எம்பிபிடியில் பெரும்பாலும் மைனஸ் பொதுவாக இருக்கும், இருந்தாலும் பார்த்துவிடுங்கள்.

வேலைக்கு வருகிறவரிடம் இதையெல்லாம் கேட்கத் தயங்காதீர்கள். உங்கள் இடத்தில் மிகக் குளிர்ந்த காலையில் பேனல் வரிசையின் வோல்டேஜ் எவ்வளவு வரும் என்று மட்டும் கேளுங்கள். தாளில் போட்டுக் காட்டினால் அவரிடம் நம்பி வேலையைக் கொடுக்கலாம். ஸ்டிக்கரைப் பெருக்கிவிட்டு 150க்குள் இருக்கிறது என்று சொன்னால், பணம் கொடுக்கும் முன் நீங்களே கணக்குப் போட்டுவிடுங்கள். பேனல், கன்ட்ரோலர், பேட்டரி மூன்றின் தகவல் தாளும், ஒரு மல்டிமீட்டரும், டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரும் வீட்டில் இருக்கட்டும். கிளாம்ப் மீட்டர் வாங்கும்போது டிசி ஆம்ப் அளக்குமா என்று பார்த்து வாங்குங்கள், விலை குறைந்த பலவும் ஏசி மட்டும்தான் அளக்கும்.

வேலை முடிந்து ஓரிரு மாதம் கழித்து, பேனல் பிரேக்கரை அணைத்து, பிறகு பேட்டரி பக்கத்தையும் பிரித்துவிட்டு, எல்லா டெர்மினல் ஸ்க்ரூவையும் ஒரு சுற்று இறுக்கிப் பாருங்கள். பல இழை ஒயரில் ஸ்க்ரூ கொஞ்சம் தளர்வது வழக்கம், ஒயர் முனையில் நல்ல லக் (உலோக முனை) போட்டு அழுத்திக் கிரிம்ப் செய்திருந்தால் தளர்வது குறைவு. கையில் மோதிரம், உலோக வளையல் எதுவும் இல்லாமல், கைப்பிடியில் டேப் சுற்றிய ஸ்பேனரால் செய்யுங்கள். திரும்ப மாட்டும்போது பேட்டரி முதலில்.